இடுப்பில் உலோகம்: சீ.ரீ. ஸ்கானில் ஏறும் கதிர்வீச்சும் அதை இறக்கும் வழிகளும்

சீ.ரீ. ஸ்கான் இயந்திரத்துக்கு ஆளைத் தெரியாது, ஆளின் தடிப்பு மட்டும்தான் தெரியும். மேசையில் படுத்திருப்பவர் மெலிந்தவரானால் எக்ஸ் கதிரைக் குறைக்கும், பருத்தவரானால் கூட்டும். தோள், இடுப்பு போன்ற தடித்த இடங்களில் ஏற்றும், காற்று நிறைந்த நுரையீரலில் இறக்கும். எக்ஸ் கதிர்க் குழாயின் மின்னோட்டத்தைத் தானே ஏற்றி இறக்கும் இந்த ஏற்பாடு இன்று ஏறக்குறைய எல்லா இயந்திரங்களிலும் இருக்கிறது. கதிர்வீச்சைக் குறைக்க வந்த உத்திகளில் இதற்கு முதலிடம் கொடுத்தாலும் தவறில்லை. ஆனால் இடுப்பில் உலோக மூட்டு வைத்த ஒருவர் படுத்தால், அதே ஏற்பாடு அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. உலோகத்தைப் பெரும் தடிப்பு என்று எடுத்துக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட பலம் முழுவதையும் அந்த இடத்தில் இறக்குகிறது. அந்தக் கூடுதல் கதிரால் படம் தெளிவதும் இல்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவென்று வந்த மென்பொருள்களும் புதிய இயந்திரங்களும் பல. அவற்றைப் பற்றிய கட்டுரைகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: குறைக்கக்கூடிய கதிர்வீச்சில் பெரும்பகுதி, பொத்தானை அழுத்துமுன் கேட்கும் ஒரு கேள்வியிலும் திரையில் போடும் ஓர் உச்சவரம்பிலும் இருக்கிறது. இலங்கையின் கரையோர ஊர்களுக்கு இது நல்ல செய்தி. இரண்டுக்கும் பணம் தேவையில்லை.

மாம்புரியை எடுத்துக்கொள்வோம். கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலைக்கு அருகே, காற்றாலைகள் வரிசையாகச் சுழலும் கரை. கிணற்றடியில் வழுக்கி விழும் மூதாட்டி, கற்பிட்டி வீதியில் மோட்டார் சைக்கிளோடு சரியும் இளைஞன், வாடியில் படகைத் தள்ளும்போது கால் மடங்கி விழும் மீனவர் எனத் தொடையெலும்பின் கழுத்து முறிய இங்கே காரணங்களுக்குக் குறைவில்லை. முறிந்தால் பாலாவி வழியாகப் புத்தளம், தேவைப்பட்டால் அங்கிருந்து குருநாகல் அல்லது கொழும்பு. வீடு திரும்பும்போது கையில் ஒரு டயக்னோசிஸ் கார்ட் இருக்கும். அதில் சுருக்கெழுத்தில் ஏதாவது எழுதியிருக்கும்: ‘டி.எச்.எஸ்.’ என்றால் முறிவைப் பிடித்துவைக்கும் பெரிய திருகாணியும் தகடும், ‘ஏ.எம்.பி.’ என்றால் ஒஸ்டின் மூர் வகைப் பாதி மூட்டு, ‘ரீ.எச்.ஆர்.’ என்றால் முழு மூட்டு மாற்று. வீட்டாருக்கு மூன்றும் ஒன்றுதான், ‘இடுப்புல கம்பி வெச்சிருக்கு.’ ஐந்தாறு ஆண்டு கழித்து வயிற்றுவலி என்றோ சிறுநீரில் இரத்தம் என்றோ சீ.ரீ.க்கு அனுப்பப்படும்போது அந்தக் கார்ட் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

எந்த உலோகம் என்பது இங்கே முக்கியம். ஒஸ்டின் மூரும் ஹரல்ட் போல்மனும் 1940 இல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பொருத்திய உலோக மூட்டு கோபால்ட்-குரோமியக் கலவையால் ஆனது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி 1962 இல் நிலைநிறுத்திய முழு மூட்டு, துருப்பிடிக்காத உருக்குத் தலையையும் பொலித்தீன் கிண்ணத்தையும் கொண்டது. இன்று தண்டுக்குத் தைட்டேனியம், தலைக்குக் கோபால்ட்-குரோமியம் அல்லது பீங்கான் என்று கலந்து வருகின்றன. எக்ஸ் கதிருக்கு இவை ஒன்றல்ல. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 80 கிலோ எலக்ட்ரான்வோல்ற் ஆற்றலுள்ள போட்டோன்கள் 2 சென்ரிமீற்றர் தைட்டேனியத்துக்குள் நுழைந்தால் ஏறக்குறைய நாற்பதில் ஒன்று மறுபக்கம் வரும். அதே தடிப்பு உருக்கானால் பன்னிரண்டாயிரத்தில் ஒன்றுதான் வரும். 35 சென்ரிமீற்றர் தண்ணீரே அறுநூறில் ஒன்றை விடும். ஆகவே ஒரு முழு ஆளின் இடுப்பு அகலத்தை விட, விரலளவு உருக்கு கதிரை அதிகம் தடுக்கிறது. கோபால்ட்-குரோமியம் உருக்கையும் விடச் சற்று அடர்த்தியானது.

இப்போது இயந்திரத்தின் பக்கம் நின்று பார்ப்போம். மறுபக்கம் வரும் போட்டோன்கள் குறைந்தால் படம் மணல் தூவியதுபோல் தெரியும். இதை இரைச்சல் என்பார்கள். இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமானால் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். சாதாரண உடம்பில் இந்தப் பேரம் கட்டுப்படியாகும். உருக்கின் பின்னால் பன்னிரண்டாயிரத்தில் ஒன்று இரண்டாகி என்ன பயன்? இரண்டு மடங்கு கதிர் கொடுத்த பின்னும் அந்தத் திசையில் உணரிக்குக் கிடைப்பது ஏறக்குறைய வெறுமைதான். உலோகத்தைத் தொடாமல் செல்லும் மற்றக் கதிர்கள் மட்டும் இரண்டு மடங்காகி, தேவையில்லாமல் குடல், சிறுநீர்ப்பை, சூலகம், இடுப்பெலும்பின் மச்சை எல்லாவற்றிலும் படிகின்றன.

இதோடு இன்னொரு கோளாறும் சேர்கிறது. எக்ஸ் கதிர்க் கற்றை பல ஆற்றல்களின் கலவை. உலோகத்துக்குள் போகும்போது மெலிந்த ஆற்றலுள்ளவை முதலில் விழுங்கப்பட்டு, பலமானவை மட்டும் வெளிவரும். கற்றை இப்படிக் கடினமாகும்போது கணினி ஏமாறுகிறது. வழியில் உண்மையில் இருந்ததை விடத் தடுப்புக் குறைவு என்று கணக்குப் போட்டு, அந்தப் பாதையைக் கறுப்பாக வரைகிறது. இரண்டு பக்கமும் மூட்டு மாற்றியவரின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். இடமும் வலமும் இரண்டு வெண்ணிறப் பந்துகள். அவற்றிலிருந்து நாலாபக்கமும் வெள்ளைக் கீற்றுகள். இரண்டுக்கும் நடுவே, சிறுநீர்ப்பை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கரும்பட்டை. சிறுநீர்ப்பையின் பின்சுவர், ஆண்களுக்குப் புரஸ்டேற், பெண்களுக்குக் கருப்பைக் கழுத்து எல்லாம் அந்தப் பட்டைக்குள் மறைந்துவிடும். இந்தக் கறுப்பு, போட்டோன் பற்றாக்குறையால் மட்டும் வந்ததல்ல. கணக்குப் பிழையாலும் வந்தது. கணக்குப் பிழையைக் கூடுதல் கதிரால் திருத்த முடியாது.

ஆக, தானியங்கி ஏற்பாடு செய்வது என்ன? ஸ்கானுக்கு முன் எடுக்கும் ஸ்கவுட் படத்தில் இடுப்புப் பகுதி திடீரென்று தடித்துப் போனதாக அதற்குத் தெரிகிறது. ‘எல்லா வெட்டுகளிலும் இரைச்சல் ஒரே அளவாக இருக்க வேண்டும்’ என்பது அதற்கிட்ட கட்டளை. மின்னோட்டத்தை ஏற்றுகிறது. எல்லா நிறுவனங்களின் இயந்திரங்களும் இதில் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஜி.ஈ. இயந்திரங்களில் ‘நொய்ஸ் இண்டெக்ஸ்’ என்ற இலக்கைக் கொடுத்து, கீழெல்லை மேலெல்லைக்குள் மின்னோட்டத்தை ஓடவிடுவார்கள். மேலெல்லையை இயந்திரத்தின் உச்சத்தில் விட்டுவைத்தால், உலோகம் வரும் வெட்டுகளில் அது நேரே அந்த உச்சத்துக்கே போய் முட்டும். சீமென்ஸின் கேர்டோஸ் ஏற்பாடு இரைச்சலை முற்றாகச் சமன்செய்ய முயலாமல் ஓரளவுக்கே ஈடுகொடுக்கும். சுற்றும்போதே கிடைக்கும் தரவையும் பார்த்துக்கொள்ளும். அதனால் பாய்ச்சல் சற்றுக் குறைவாக இருக்கலாம். இல்லாமல் போவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விடயமல்ல. பொஸ்டனின் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலைக் குழுவினர், உலோக மூட்டு உள்ளவர்களில் தானியங்கி மின்னோட்டம் கதிர்வீச்சை ஏற்றுவதையும் அதைத் தவிர்க்கும் உத்தியையும் மாதிரியுருவிலும் நோயாளிகளிலும் ஆராய்ந்து, 2005 ஆம் ஆண்டே ‘ரேடியோலொஜி’ இதழில் எழுதிவிட்டார்கள். இருபது ஆண்டு கழித்தும் இதைத் தனியாகக் கவனிக்கும் வழக்கம் எல்லா இடத்திலும் ஊன்றிவிட்டதாகச் சொல்ல முடியாது. ‘தானியங்கி’ என்ற சொல்லின் மீது நமக்குள்ள நம்பிக்கை அப்படி. 2009 இல் லொஸ் ஏஞ்சலஸின் சீடர்ஸ்-சைனாய் வைத்தியசாலையில் 206 பேருக்கு மூளை இரத்தவோட்ட ஸ்கானில் ஏறக்குறைய எட்டு மடங்கு கதிர் பாய்ந்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ஏறக்குறைய பதினெட்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அங்கே பிரச்சினை தலையில், உலோகத்தில் அல்ல. ஆனால் இயந்திரம் அளவைத் திரையில் காட்டிக்கொண்டுதான் இருந்தது என்பது இங்கேயும் பொருந்துகிறது.

செய்யக்கூடியவற்றில் எல்லாவற்றுக்கும் மேலானது, உலோகத்தை ஸ்கானுக்குள் கொண்டுவராமல் இருப்பது. கல்லீரலைப் பற்றிய கேள்விக்கு இடுப்பு மூட்டு வரை எதற்கு? வைத்தியரின் சீட்டில் வழக்கமாக ‘வயிறும் இடுப்பும்’ என்றே எழுதப்படுகிறது, பழக்கத்தினால். கேள்வி மேல்வயிற்றில் இருந்தால் மூட்டுக் கிண்ணத்துக்கு மேலேயே நிறுத்திவிடலாம். அப்போது இந்தக் கட்டுரை பேசும் சிக்கலே எழாது. இடுப்பையும் பார்த்தே ஆகவேண்டும் என்றால், மருந்தேற்றுமுன் ஒன்று, பின் ஒன்று, பிந்தி ஒன்று என்று எடுக்கும் கட்டங்களில் எதைத் தவிர்க்கலாம் என்று பார்க்கலாம். ஒரு கட்டத்தைத் தவிர்ப்பது தரும் குறைப்பை எந்த மென்பொருளும் தராது.

அடுத்தது உச்சவரம்பு. ஸ்கவுட் படத்தில் வெண்ணிறப் பந்து கண்ணில் பட்டதும், இதே உடலமைப்புள்ள உலோகமில்லாத ஒருவருக்கு இடுப்பில் எவ்வளவு மின்னோட்டம் போகுமோ அதையே மேலெல்லையாக வைத்துவிடலாம். அல்லது தானியங்கியை அந்தப் பகுதிக்கு மட்டும் நிறுத்தி, நிலையான மின்னோட்டத்தில் எடுக்கலாம். எண் என்ன என்பதை அந்தந்த வைத்தியசாலையின் கதிரியக்கவியல் நிபுணரும் மருத்துவ பௌதிகவியலாளரும் ஒருதடவை தீர்மானித்து, ‘இடுப்பு உலோகம்’ என்ற பெயரில் தனி நெறிமுறையாக இயந்திரத்தில் சேமித்துவைத்தால் போதும். நள்ளிரவில் கடமையில் இருக்கும் ரேடியோகிராபர் யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆளைச் சரியாக நடுவில் படுக்கவைப்பதும் இதில் சேரும். குழாய்க்கு அருகே தள்ளிப் படுத்தால் ஸ்கவுட்டில் ஆள் பெரிதாகத் தெரிவார், இயந்திரமும் அதற்கேற்பக் கூட்டிவிடும். விறைத்த மூட்டோடு நேராகப் படுக்க முடியாத முதியவர்களிடம் இது அடிக்கடி நேர்கிறது.

குழாய் வோல்ற்றளவு குறித்து ஆராய்ச்சியாளர்கள் முற்றாக ஒன்றுபடவில்லை. 120 கிலோவோல்ற்றை 140 ஆக்கினால் கற்றை உலோகத்தை ஊடுருவும், கீற்றுகள் குறையும். மின்னோட்டத்தை மாற்றாமல் விட்டால் கதிர்வீச்சு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். ஆகவே வோல்ற்றளவை ஏற்றுபவர் மின்னோட்டத்தை இறக்கவும் வேண்டும். பாதியை மட்டும் செய்பவர்கள் நிறையப் பேர். மறுபுறம், கதிர்வீச்சைக் குறைக்க என்று 80 அல்லது 100 கிலோவோல்ற்றைத் தானே தெரிவுசெய்யும் ஏற்பாடு, மெலிந்த மூதாட்டியின் உலோக இடுப்பில் படத்தைக் கெடுத்து, மறுபடி எடுக்கவைக்கும். இருமுறை எடுத்த குறைந்த அளவு ஸ்கானை விட, ஒருமுறை ஒழுங்காக எடுத்த ஸ்கான் மேல்.

நோயாளிகளின் வீட்டார் கேட்பது பெரும்பாலும் வேறொன்று: ‘ஈயக் கவசம் போடமாட்டீங்களா?’ நியாயமான கேள்விதான், பல ஆண்டுகளாக நாமே பழக்கிய கேள்வி. அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கம் 2019 இல் பிறப்புறுப்புக் கவசத்தை வழக்கமாகப் போடுவதை நிறுத்தச் சொன்னது. சீ.ரீ.யில் காரணம் இன்னும் வெளிப்படை. ஸ்கான் எல்லைக்குள் ஈயம் இருந்தால், தானியங்கி அதையும் தடிப்பாகக் கணித்துக் கதிரை ஏற்றலாம். ஏற்கெனவே ஓர் உலோகத்தால் குழம்பியிருக்கும் இயந்திரத்துக்கு இன்னோர் உலோகத்தைக் காட்டுவது உதவி அல்ல.

இனி மென்பொருள். உலோகத்தால் கெட்ட தரவை நீக்கி, அக்கம்பக்கத் தரவைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பும் எண்ணம் பழையது. ஜேர்மனியின் வில்லி கலெண்டரும் சகாக்களும் 1987 இல் அதை வெளியிட்டார்கள். 2010 இல் மையர் குழுவினர் அதைச் செம்மைப்படுத்தினார்கள். இன்று சீமென்ஸ் ஐமார், பிலிப்ஸ் ஓ-மார், ஜி.ஈ. ஸ்மார்ட் மார், கெனன் சீமார் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரில் விற்கிறது. எலும்பு மூட்டுக்கென்றே வந்ததால்தான் பிலிப்ஸின் பெயரில் ‘ஓர்த்தோபீடிக்’ என்பதைக் குறிக்கும் அந்த ‘ஓ’. இரண்டு மூட்டுகளுக்கு நடுவே உள்ள கரும்பட்டையை இவை நன்றாகவே அகற்றுகின்றன. சிறுநீர்ப்பை மீண்டும் தெரிகிறது. ஆனால் விலை உண்டு. உலோகத்தை ஒட்டிய எலும்பின் மெல்லிய விளிம்பைச் சிலவேளை தின்றுவிடும், இல்லாத இடைவெளியைக் காட்டும். மூட்டு தளர்ந்துவிட்டதா என்று பார்க்க எடுத்த ஸ்கானில் அது ஆபத்தான பொய். அதனால்தான் திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இரட்டை ஆற்றல் ஸ்கான் வேறு வழியில் போகிறது. இரண்டு ஆற்றல்களில் தரவெடுத்து, 100 முதல் 150 கிலோ எலக்ட்ரான்வோல்ற் வரையான ஒற்றை ஆற்றலில் எடுத்ததுபோன்ற படத்தைக் கணினியில் உருவாக்குகிறது. கற்றை கடினமாவதால் வந்த கோளாறுக்கு இது நல்ல மருந்து. போட்டோன் பற்றாக்குறைக்கு இதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. தைட்டேனியத் தண்டுக்குப் போதும், பெரிய கோபால்ட்-குரோமியத் தலைக்குப் போதாது. வெள்ளீய வடிகட்டி, மெலிந்த ஆற்றலுள்ள கதிரை உடம்புக்குள் போகுமுன்பே நீக்கிவிடுகிறது. எலும்பை மட்டும் பார்க்கவேண்டிய ஸ்கானில் கதிர்வீச்சைக் கணிசமாகக் குறைக்க இதுவே எனக்குப் பிடித்த வழி. போட்டோன்களை ஒவ்வொன்றாக எண்ணும் உணரியுடைய முதல் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 2021 இல் அனுமதி கிடைத்தது. அதன் விலையை வைத்துப் பார்த்தால் நம் பக்கத்துக்கு அது வர நாளாகும்.

இவற்றுள் எதுவும் தானாகக் கதிர்வீச்சைக் குறைப்பதில்லை. இது கட்டுரைகளில் அடிக்கடி மறைந்துபோகும் இடம். மென்பொருள் படத்தைத் திருத்துகிறது. அந்தத் திருத்தத்தை நம்பி மின்னோட்டத்தை இறக்குவது மனிதக் கை. இறக்காவிட்டால் கிடைப்பது, பழைய அளவு கதிரில் அழகான படம். திரும்பத் திரும்பக் கணித்து இரைச்சலைக் குறைக்கும் படமீட்பு முறைகளுக்கும், ஆழ்கற்றல் முறைகளுக்கும் இதே கதைதான். இயந்திரம் வாங்கும்போது நிறுவனப் பொறியியலாளர் வைத்துவிட்டுப்போன எண்கள் ஐந்தாண்டு கழித்தும் அப்படியே இருப்பது அபூர்வமல்ல.

இவ்வளவு கவலைப்படுமளவுக்கு ஆபத்து எவ்வளவு? வயிறும் இடுப்பும் சேர்ந்த ஒரு கட்ட சீ.ரீ.யில் உடலுக்குக் கிடைப்பது 8 முதல் 10 மில்லிசீவெட் அளவு. இயற்கையிலிருந்து உலகச் சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெட். கற்பிட்டிக் கரையில் கதிர்வீச்சு என்றதும் பேச்சு கடலுக்கு அப்பால் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கோ இப்பால் நுரைச்சோலை மின்நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலுக்கோ போய்விடும். மனிதன் உண்டாக்கிய கதிர்வீச்சில் பெரும்பங்கு வைத்தியத்திலிருந்து வருகிறது என்பது அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை. எண்பது வயதில் புற்றுநோய் சந்தேகத்துக்காக ஸ்கான் எடுப்பவருக்குக் கதிர்வீச்சை எண்ணிப் பயப்படச் சொல்வது அபத்தம். கதிரால் வரும் புற்று பல ஆண்டு கழித்துத் தோன்றுவது. அவருக்கு நோயைக் கண்டுபிடிப்பதே முக்கியம். ஆனால் நம் பகுதியில் இடுப்பு மூட்டு மாற்றுபவர்கள் எல்லோரும் முதியவர்கள் அல்லர். தொடையெலும்பின் தலைக்கு இரத்தவோட்டம் நின்று அது மடிந்துபோவது தெற்காசியாவில் மூட்டு மாற்றுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று. அவர்களில் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் நிறைய. அவர்களுக்கு முன்னால் இன்னும் பல ஸ்கான்கள் இருக்கின்றன. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2007 இல், ஆபத்தைக் கணக்கிடும்போது பிறப்புறுப்புகளுக்குக் கொடுக்கும் எடையை 0.20 இலிருந்து 0.08 ஆகக் குறைத்தது உண்மை. குடலுக்கும் எலும்பு மச்சைக்கும் 0.12 அப்படியே இருக்கிறது. இரண்டும் இடுப்பில்தான் இருக்கின்றன.

மாற்று வழிகளைப் பற்றிச் சுருக்கமாக: மூட்டைச் சுற்றிய நீர்க்கட்டுக்கு அல்ட்ராசவுண்ட் போதும். உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. இன்றைய இடுப்பு மூட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது. உலோகத்துக்கென்று தனி எம்.ஆர்.ஐ. முறைகளே இருக்கின்றன. கார்டில் என்ன மூட்டு என்று எழுதியிருந்தால் வைத்தியர் அரைநிமிடத்தில் தீர்மானித்துவிடுவார்.

மறுபடி அந்தக் கார்ட்டுக்கே வரவேண்டியிருக்கிறது. மாம்புரியிலிருந்து குருநாகலுக்குப் போகும் தமிழ் பேசும் மூதாட்டியிடம் கேள்வி சிங்களத்தில் கேட்கப்படலாம். பதில் ஒரு தலையசைப்போடு முடிந்துபோகலாம். மகளோ பேரனோ ‘உம்மாட இடது இடுப்புல கம்பி இருக்கு’ என்று மேசையில் ஏற்றுமுன் சொல்லிவிட்டால், கார்டையும் நீட்டிவிட்டால், ரேடியோகிராபருக்கு நெறிமுறையை மாற்ற நேரம் கிடைக்கும். சீ.ரீ.க்கு எழுதும் சீட்டிலேயே ‘உடலில் உலோகம்: எங்கே, என்ன’ என்று ஒரு கட்டம் அச்சிடுவது அதைவிட நிச்சயமான வழி.

சட்டப்படி இங்கே கண்காணிப்பு இல்லாமல் இல்லை. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் பேரவை ஒன்று இயங்குகிறது. எக்ஸ் கதிர் இயந்திரங்களுக்கு அதன் அனுமதி வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் அணு விஞ்ஞானத் துறையினர் நாட்டின் சீ.ரீ. அளவுகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் கதிர் கூடிப்போனதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் உசாத்துணை அளவு என்பது வழமையான உடலுக்கும் வழமையான ஸ்கானுக்கும் வகுக்கப்படுவது. ஸ்கான் முடிந்ததும் திரையில் வரும் அளவோ முழு நீளத்துக்குமான சராசரி. மேல்வயிற்றில் குறைவாகவும் மூட்டருகே மிக அதிகமாகவும் போயிருந்தால், சராசரி எல்லைக்குள் அடங்கி நல்லபிள்ளையாக நிற்கும். ஒவ்வொரு வெட்டின் ஓரத்திலும் சிறிய எழுத்தில் அச்சாகும் மில்லிஅம்பியர் எண்ணைப் பார்த்தால்தான் பாய்ச்சல் தெரியும். கடந்த ஓராண்டில் இடுப்பு உலோகத்தோடு வந்தவர்களின் படங்களைக் கணினியிலிருந்து எடுத்து, கல்லீரல் வெட்டின் எண்ணையும் மூட்டு வெட்டின் எண்ணையும் இரண்டு நிரல்களில் எழுதினால், மேலெல்லையை எங்கே வைப்பது என்பது அந்த வைத்தியசாலைக்குப் புரிந்துவிடும். ஒரு பிற்பகல் வேலை.